மாருதி 800-க்கு வாங்கிய முழு கேஸ்கட் செட்: எதைப் போட்டோம், எதை ஒதுக்கினோம்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஓர் உதிரிபாகக் கடையில், மாருதி 800-க்கான முழு கேஸ்கட் செட் ஒன்றை வாங்கினேன். என்ஜின் பாகங்கள் சேரும் இடங்களில் கசிவைத் தடுக்க நடுவே வைக்கும் அடைப்புதான் கேஸ்கட்; பட்டறை மொழியில் பேக்கிங். உள்ளூர்த் தயாரிப்பு. ஒரு பெட்டியை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது முறையல்ல என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் இடையே வரும் ஹெட் கேஸ்கட்டுக்காகவும், வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்களுக்காகவும் இதைத் தாராளமாக வாங்கலாம். ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரின் ரப்பரை நம்பி வாங்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

வண்டி எம்.பி.எஃப்.ஐ. வகை, அதாவது கார்ப்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர்கள் வழியே பெட்ரோலைப் பீய்ச்சுவது. 796 சி.சி., மூன்று சிலிண்டர் என்ஜின். ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் (உள்ளழுத்தம்) குறைந்ததால் ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தது. அதாவது, ஹெட் கேஸ்கட் தன் வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தது. தண்ணீர் ஆயிலில் கலக்கவில்லை, ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. பட்டறையில் உதவிக்கு இருந்த இளைஞர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பேக்கிங் நல்லாத்தான் சார் இருக்கு, அனபாண்ட் தடவி ஏத்திடலாம்" என்றார். அனபாண்ட் என்பது கசிவை அடைக்கத் தடவும் சிலிக்கான் பேஸ்ட். இந்த யோசனையைக் கேட்காத வண்டிக்காரர் இருக்க முடியாது. கண்ணுக்குக் கிழிசல் தெரியாத ஒரு பொருளை எதற்காகத் தூக்கிப் போட வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

பதில் அந்தப் பழைய கேஸ்கட்டின் மேலேயே இருந்தது. இவ்வகை கேஸ்கட்டின் நடுவில் எஃகுத் தகடும், இரு பக்கமும் மென்மையான பூச்சுப் பொருளும், சிலிண்டர் துளைகளைச் சுற்றி நெருப்பைத் தாங்கும் உலோக வளையமும் இருக்கும். ஹெட் போல்ட்டுகளை முதன்முறை முறுக்கும்போது அந்தப் பூச்சு நசுங்கி, ஹெட்டிலும் பிளாக்கிலும் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் போய் உட்காருகிறது. வளையமும் அந்த அழுத்தத்துக்கு ஏற்ற கனத்துக்கு வந்துவிடுகிறது. நசுங்கியது மீண்டும் எழும்பாது. எங்கள் கேஸ்கட்டைப் பிரித்தபோது, இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் இடையிலான ஒடுங்கிய பகுதியில் பூச்சு உரிந்து பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இனி பிடிப்பதற்கு எதுவும் இல்லை. சிலிக்கான் பேஸ்ட்டால் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. எரியும் வாயுவின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குவதற்காக உருவாக்கப்பட்ட பொருளல்ல அது. மாற்றாமல் விட்டுப் பின்னால் கசிந்தால், டைமிங் பெல்ட்டிலிருந்து மேனிஃபோல்டு வரை மீண்டும் கழற்ற வேண்டும். அந்தக் கூலியோடு ஒப்பிட்டால் புதிய கேஸ்கட்டின் விலை பொருட்டே அல்ல.

செட்டில் வந்த ஹெட் கேஸ்கட்டைப் பழையதன் மேல் வைத்து, ஒவ்வொரு துளையாக ஒப்பிட்டுப் பார்த்தோம். போல்ட் துளைகளும் ஆயில் துளையும் பிசகாமல் பொருந்தின. தண்ணீர்த் துளைகளில் சில, பிளாக்கில் உள்ள வழியைவிடச் சிறியவையாக இருந்தன. இது தயாரிப்புக் குறை அல்ல. தண்ணீர் எல்லா சிலிண்டர்களையும் சுற்றி அளவாக ஓட வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைக்கிறார்கள். பழையதிலும் அதே அளவுதான் இருந்தது. இதை அறியாமல் கத்தியால் துளையைப் பெரிதாக்கும் ஆர்வக்கோளாறுகளைக் கண்டிருப்பதால் சொல்லி வைக்கிறேன். மேற்பக்கம் எது என்ற குறியும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. ஓரங்களில் பிசிறு இல்லை.

ஹெட் அலுமினியம் என்பதால் லேத் பட்டறைக்கு அனுப்பும் முன் நேர்கோட்டுத் தகட்டை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் சோதித்தார் மெக்கானிக். பொதுவாக 0.05 மி.மீ. தகடு உள்ளே நுழைந்தாலே ஃபேஸிங் (பரப்பைச் சீவிச் சமன்செய்தல்) பற்றி யோசிக்க வேண்டும். ஹெட் வளைந்திருந்தால் எவ்வளவு நல்ல புது கேஸ்கட்டும் நிற்காது. பிறகு பழி கேஸ்கட்டின் மேல் விழும். எங்களுடையது தப்பியது.

வால்வு சீல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவற்றைப் பழையபடியே திரும்பப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இழுத்து எடுக்கும்போதே உதடு சிதைந்துவிடும். செட்டில் வந்தவை இறுக்கமாக உட்கார்ந்தன. அதற்குப் பிறகு, காலையில் வண்டியைக் கிளப்பும்போது வந்த நீலப் புகையும் நின்றது.

இனி குறைக்கு வருகிறேன். டேப்பட் கவருக்கான ரப்பர், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே வாட்டிய அப்பளம்போல நெளிந்திருந்தது. கவரின் பள்ளத்தில் ஒரு மூலையை அழுத்தினால் மறு மூலை எழும்பியது. ரப்பரும் கடினமாக இருந்தது; நகத்தால் அழுத்தினால் தடம் பதியவில்லை. கழற்றிய பழைய ரப்பரோ கம்பெனியின் அசல் பாகம். கொஞ்ச காலத்துக்கு முன் மாற்றப்பட்டதாக மெக்கானிக் நினைவுகூர்ந்தார். நகம் அழுந்தியது, வளைத்தால் வெடிப்பு தெரியவில்லை, பள்ளத்தில் தானாகவே படிந்தது. துடைத்துச் சுத்தம் செய்து அதையே திரும்பப் போட்டோம். இங்கே வாயு அழுத்தமோ தண்ணீரோ இல்லை. தெறிக்கும் ஆயிலை வெளியே விடாமல் தடுத்தால் போதும். அப்படியே கசிந்தாலும் கவரை மட்டும் கழற்றிச் சரிசெய்யும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பழையது கெடுதல், புதியது நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இந்த இடத்தில் தவறிழைக்கிறார்கள். கேஸ்கட் எதைத் தடுக்கிறது, தவறினால் எவ்வளவு கழற்ற வேண்டியிருக்கும் என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் சுமார் ரகம். கனம் சற்றுக் குறைவு என்று தோன்றியது. ஆனால் பழையது கரி படிந்து ஓரத்தில் அரித்திருந்ததால் வேறு வழியின்றி இதையே போட்டோம். இதுவரை புகை கசியும் 'டப் டப்' ஓசை இல்லை. தெர்மோஸ்டாட்டுக்கான காகித கேஸ்கட் சரியாக இருந்தது. காகித வகையைப் பொறுத்தவரை கேள்விக்கே இடமில்லை. பிரித்தால் கிழியும், புதியதுதான் போட வேண்டும். ஆயில் டிரெயின் போல்ட்டின் வாஷர் செட்டில் இல்லை, அதைத் தனியாக வாங்க நேர்ந்தது. செம்பு வாஷராக இருந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி மென்மையாக்கி மறுபடி போடும் பழைய வழக்கம் உண்டு. சில ரூபாய்ப் பொருளுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த செட்டை கார்ப்பரேட்டர் வண்டிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கும் பொதுவாக விற்கிறார்கள். அதனால் கார்ப்பரேட்டர் அடியில் வைக்கும் கேஸ்கட்டும், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்புக்கான கேஸ்கட்டும் எனக்குப் பயனின்றி மிஞ்சின. ஹெட்டை மட்டும் இறக்குபவர்கள் கடையில் 'ஹெட் செட்' என்று கேட்டால், கிராங்க் ஷாஃப்டின் முனைகளில் ஆயில் கசியாமல் தடுக்கும் கிராங்க் சீல்களைத் தவிர்க்கலாம். பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். என்னிடம் மிஞ்சியவற்றில் பின்பக்க கிராங்க் சீலை மட்டும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். கிளட்ச் பிளேட் மாற்றுவதற்காக கியர்பாக்ஸை இறக்கும்போது அதையும் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.