மோட்பஸ் கேட்வே எழுத ஒரு ஏ.ஐ. நிரலாக்க உதவியாளர்: பயன்பாட்டு மதிப்பீடு

நூற்பாலைகளின் மின்மீட்டர்களையும் கம்ப்ரஸர்களையும் இணையத்தோடு இணைக்கும் கேட்வே மென்பொருளை எழுதுவது கோவையிலுள்ள எங்கள் குழுவின் வேலை. அதற்காக, எடிட்டருக்குள்ளேயே இயங்கும் ஏ.ஐ. நிரலாக்க உதவியாளர் ஒன்றை மாதச் சந்தா செலுத்திச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். இதன் நிறைகுறைகள் இவ்வகைக் கருவிகளுக்கெல்லாம் பொதுவானவை என்று கருதுவதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

இக்கருவிகளோடு தரவு பரிமாற எங்கள் கேட்வே பயன்படுத்தும் மோட்பஸ் நெறிமுறையை மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்டது. அன்று முதல் அதைப்பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால், உதவியாளருக்கு அது தண்ணீர்பட்ட பாடாக இருக்கிறது. செய்தி வழியில் சிதைந்ததா என்று பார்க்கும் சி.ஆர்.சி. பிழைச்சோதனையையும், ஒரே கோரிக்கையில் 125 ரெஜிஸ்டர்களுக்கு (கருவி தன் மதிப்புகளை வைத்திருக்கும் எண்ணிட்ட இடங்கள்) மேல் படிக்கக்கூடாது என்ற வரம்பையும் நாம் நினைவூட்டாமலே சரியாகக் கையாள்கிறது. இணையம் துண்டிக்கப்படும்போது அளவீடுகளை எஸ்.க்யூ.லைட் என்ற சிறு தரவுத்தளத்தில் சேமித்து, இணைப்பு மீண்டதும் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி அனுப்பும் நெறிமுறை வழியே அனுப்பும் பகுதியை எழுதச் சொன்னபோது, செய்தி குறைந்தது ஒரு முறையாவது சேர்வதை உறுதிசெய்யும் க்யூ.ஓ.எஸ். 1 நிலையில் ஒரே செய்தி இருமுறை போய்ச் சேரக்கூடும் என்பதைத் தானாகவே கருத்தில் கொண்டு, ஒவ்வொரு அளவீட்டுக்கும் தனி அடையாள எண் சேர்த்தது. அனுபவம் குறைந்த நிரலாளர்கள் பலர் தவறவிடும் இடம் அது. பாதியில் அறுந்த பதில், தாமதமாக வந்த பதில் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் சலிப்பின்றி எழுதித் தருகிறது. இந்த ஒன்றுக்காகவே சந்தா தகும் என்பேன்.

ஆனால் நெறிமுறை சொல்லாமல் விட்டதை மீட்டரின் கையேடுதான் சொல்ல வேண்டும். கையேட்டைக் கொடுக்காதபோது உதவியாளர் ஊகிக்கிறது, ஊகம் என்று சொல்வதுமில்லை. மோட்பஸ் ரெஜிஸ்டர் ஒன்றின் அளவு 16 பிட். 32 பிட் தசம எண்ணுக்கு இரண்டு ரெஜிஸ்டர்கள் வேண்டும். அவற்றில் எது முன்னால் வரும் என்பதை நெறிமுறை வரையறுக்கவில்லை, தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். 230 வோல்ட் என்ற அளவு பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் 4366, 0000 என இரு ரெஜிஸ்டர்களில் அமர்கிறது. வரிசையை மாற்றிப் படித்தால் கிடைப்பது பூச்சியத்தை ஒட்டிய மிகச் சிறிய எண். திரையில் 0 என்றே தெரியும். பிழைச்செய்தி எதுவும் வராது, சி.ஆர்.சி. சரியாக இருக்கும், ஆனால் பார்ப்பவர் ஆலையில் மின்தடை என்று நினைப்பார். எங்கள் மீட்டர் ஒன்றுக்கு உதவியாளர் எழுதிய நிரல் இப்படித்தான் இருந்தது. மீட்டரின் முகப்பில் தெரிந்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகே தவறு பிடிபட்டது. கையேட்டில் 40001 என்றிருக்கும் ரெஜிஸ்டரை வலைப்பின்னலில் 0 என்று கேட்க வேண்டும் என்பதிலும் அது ஒரு முறை சரியாகவும் மறுமுறை ஓர் எண் தள்ளியும் எழுதுகிறது. ரெஜிஸ்டர் அட்டவணையை முழுமையாகக் கொடுத்துவிட்டால் இத்தகைய பிழைகள் பெரிதும் குறைகின்றன. எனவே அட்டவணை கையில் இல்லாமல் இக்கருவியை வாங்குவதில் பயனில்லை.

நாம் தட்டும் நிரல் வெளியே உள்ள சர்வருக்குச் செல்கிறது என்பதால், வாடிக்கையாளரின் ஐ.பி. முகவரிகளையும் இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கணினிகளின் கடவுச்சொற்களையும் தனிக் கோப்பில் வைத்து, அதை உதவியாளரின் பார்வையிலிருந்து விலக்குவது அவசியம்.

அளவீடுகளைப் படிக்கும் பகுதிக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் பகுதிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பு என்ற வழக்கத்தை அது படிப்பதற்கும் எழுதுவதற்கும் வேறுபாடின்றிப் பயன்படுத்துகிறது. படிக்கும்போது அதனால் கேடில்லை. எழுதும்போதோ, கட்டளை நிறைவேறி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் நிலைமாறும் இயந்திரத்துக்கு அதே கட்டளை இரண்டாம் முறை சென்றால், நின்ற மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கும்; அந்நேரம் பழுதுபார்ப்பவரின் கை பெல்ட்டின் அருகில் இருக்கக்கூடும். ஆகவே கட்டளை எழுதும் நிரலை எங்கள் குழுவில் மனிதர்களே எழுதி, இருவர் சரிபார்த்து, சிமுலேட்டரில் ஓட்டிய பிறகே ஆலைக்கு அனுப்புகிறோம்.