ஸ்பானிஷ் ஏவல் வினை: அகாதெமியின் இணைய அகராதி எவ்வளவு கைகொடுக்கும்?

மாட்ரிட்டில் 1713இல் தொடங்கப்பட்ட ரியல் அகாதெமியா எஸ்பன்யோலா என்னும் ஸ்பானிஷ் மொழி அகாதெமியின் இணைய அகராதி இலவசம். வினையை மூல வடிவில் (ஆர், ஏர், இர் என முடிவது) தேடி, வினைத்திரிபுப் பட்டியலைத் திறங்கள். கடைசியில் வரும் இம்பெராத்தீவோதான் ஏவல். தூ/வோஸ் (நீ), உஸ்தெத் (மரியாதை 'நீங்கள்'), வொசோத்ரோஸ் (ஸ்பெயினில் நண்பர் கூட்டம்), உஸ்தேதெஸ் (பலர்) என நாலே வரிசை.

தோமார் (எடு) வினையைப் பாருங்கள். 'நீ'க்குத் தோமா, 'நீங்கள்' என்ற மரியாதைக்குத் தோமே, பலருக்குத் தோமென், ஸ்பெயினில் நண்பர் கூட்டத்துக்குத் தோமாத். கொமேர் (சாப்பிடு) என்றால் கோமே, கோமா, கோமான், கொமேத். மரியாதை வடிவத்தில் உயிர் இடம் மாறுகிறது: ஆர் வினைக்கு 'ஏ', மற்ற இரண்டுக்கும் 'ஆ'. தடுமாற்றம் பிறப்பதும் இங்கேதான். 'அவர் எடுக்கிறார்' என்பதும் தோமா, 'நீ எடு' என்பதும் தோமா. அதனால் மரியாதையாகச் சொல்வதாக நினைத்து நீ-வடிவத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

இதைத் தீர்க்க இந்தப் பட்டியலை விட நல்ல கருவி இல்லை. நிகழ்காலத்தின் 'அவர்' வரிசையையும் ஏவலின் 'தூ' வரிசையையும் ஒப்பிடுங்கள், சில ஒழுங்கற்ற வினைகள் தவிர ஒன்றாக இருக்கும். சுப்ஹுன்தீவோ (விருப்பம், ஐயம் போன்றவற்றுக்கான வினைவடிவம்) நிகழ்காலத்தின் 'உஸ்தெத்' வரிசையை ஏவலின் 'உஸ்தெத்' வரிசையோடு வைத்துப் பாருங்கள், அதுவும் ஒன்றே. பத்து வினைக்கு இப்படிச் செய்தால் மனப்பாடம் பெரும்பாலும் தேவைப்படாது. அர்ஜென்டினாவின் வோஸ் வடிவம் அதே வரிசையில் சாய்கோட்டுக்குப் பின் வருகிறது, கடைசி உயிரின் மேல் அழுத்தக் குறியோடு. பல பாடநூல்கள் அதை விட்டுவிடுகின்றன. புஸ்கார் (தேடு) போன்றவற்றில் 'க' ஒலி கெடாமலிருக்க 'சி' எழுத்து 'க்யூ, யூ' ஆவதும் பட்டியலிலேயே தெரியும்.

குறைகளும் உண்டு. விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது, தலைப்புகள் எல்லாம் ஸ்பானிஷில். 'எடுப்போம்' என்னும் தோமேமோஸ் ஏவல் பகுதியில் இல்லை, சுப்ஹுன்தீவோவில் தேட வேண்டும். எதிர்மறை ஏவலும் அப்படியே: 'எடுக்காதே' என்பது நோ தோமெஸ், நோ தோமா அல்ல. 'அதை எடு' என்னும்போது 'அதை' என்னும் லோ வினையோடு ஒட்டி ஒரே சொல்லாகும், 'தோ'வின் மேல் அழுத்தக் குறி விழும். அதையும் பட்டியல் காட்டாது.

முதல் மாதத்தில் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நிகழ்காலத் திரிபு கைவந்த பிறகு, சரிபார்க்க இதுவே முதல் இடம்.