ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா: வரி எங்கே ஒளிந்திருக்கிறது?

மொபைல் இணைப்பு ப்ரீபெய்டோ போஸ்ட்பெய்டோ, இரண்டுக்கும் ஜிஎஸ்டி ஒரே 18 சதவீதம்தான், 2017 ஜூலையிலிருந்து. அதற்கு முன் சேவை வரி 15 சதவீதம். ஆனால் கண்ணில் படுகிற விதம் வேறு.

போஸ்ட்பெய்டில் விளம்பரத்தில் 399 என்று போட்டிருப்பார்கள், பக்கத்தில் பொடி எழுத்தில் 'வரி தனி' என்று இருக்கும், பில் வரும்போது மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம் என்று பிரித்துக் காட்டி 470 ரூபாய் 82 காசு கேட்பார்கள். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம், அதற்கும் வரி உண்டு.

ப்ரீபெய்டில் 299 என்றால் 299தான். அதில் ஏறக்குறைய 45 ரூபாய் 60 காசு வரி, உள்ளேயே அடக்கம், அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. பேசுவதற்கான பேலன்ஸ் மட்டும் ஏற்றும் டாப்-அப் போட்டால்தான் குட்டு வெளிப்படும்: 10 ரூபாய்க்கு 7 ரூபாய் 47 காசு டாக்டைம். 1.53 வரி, மீதி ஒரு ரூபாய் 'ப்ராசஸிங் ஃபீ'. அதாவது பத்தில் ஒரு பங்கு, சும்மா போட்டுக்கொடுத்ததற்கு! அப்புறம் சில ஆப்களில் ரீசார்ஜ் செய்தால் அவர்கள் பங்குக்கு ஒன்றிரண்டு ரூபாய் 'பிளாட்ஃபார்ம் ஃபீ' வேறு.

சரி, எது தேவலை? ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்காரர், தொழிலுக்குத்தான் அந்த நம்பர் என்றால் போஸ்ட்பெய்டு. பில்லில் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்கினால் அந்த வரியை, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு என் ஓட்டு ப்ரீபெய்டுக்கு, டாப்-அப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.