குழந்தையோடு ஊர் திரும்பிவிட்டால்: ஹேக், ஐகோர்ட், குடும்ப நீதிமன்றம்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் என்று எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கம் வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கணவன் மனைவிக்குள் முறிந்து, ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டால், அங்கேயே நின்றுபோனவர் முதலில் கேட்பது "ஹேக்கில் போடலாமா?" என்றுதான். ஹேக் என்பது, பெற்றோரில் ஒருவர் வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன குழந்தையைத் திருப்பி அனுப்ப நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை. அதில் போட முடியாது. இந்தியா அதில் சேரவே இல்லை. இலங்கையும் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கின்றன என்பது வேறு விஷயம்.

1980ஆம் ஆண்டின் அந்த ஹேக் உடன்படிக்கையில் நல்லது எது என்றால், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று அது பேசுவதில்லை, அதை எந்த நாட்டு நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் பார்க்கிறது. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தை, ஒரு வருடத்துக்குள் மனு, பொதுவாகத் திருப்பி அனுப்பு, அவ்வளவுதான். ஆறு வாரத்துக்குள் முடிக்கப் பார்க்கச் சொல்கிறது. குழந்தைக்குக் கடும் ஆபத்து இருந்தால் விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் தூக்கிக்கொண்டு வந்தவர் தலையில். அடி தாங்காமல் ஓடிவந்த அம்மாவுக்கு இது கஷ்டம், ஏனென்றால் அடி வாங்கியது அவள், சட்டம் கேட்பது குழந்தைக்கு என்ன ஆபத்து என்று. 2009இல் சட்ட ஆணையம் சேரலாம் என்றது, 2016இல் மசோதாவே எழுதிக் கொடுத்தது, இன்னும் சேரவில்லை. எதிர்ப்பவர்கள் சும்மா எதிர்க்கவில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம் கையில் இருப்பது ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு, அதாவது குழந்தையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பது. வேகம் இதில்தான். சாட்சிக்கூண்டு, குறுக்கு விசாரணை என்று இழுக்காமல் பிரமாண வாக்குமூலங்களை வைத்துப் பார்ப்பார்கள், நீதிபதி குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதும் உண்டு. ஆனால் முடிவு என்னவாகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்திலிருந்து அம்மாவோடு கோயம்புத்தூர் வந்த இரண்டு பெண் குழந்தைகளின் வழக்கில், முதலில் உத்தரவு போட்ட வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு மதிப்புக் கொடுத்து அவர்களை அங்கே அனுப்பச் சொன்னது உச்ச நீதிமன்றம், அது 2015. இரண்டே வருடத்தில், 2017இல், மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த நிலையை ஏற்கவில்லை: வெளிநாட்டு உத்தரவு ஒரு காரணி மட்டுமே, குழந்தையின் நலன்தான் முதல் என்றது. சரி, இனி யாரையும் அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு, 2019இல் ஹைதராபாத் வந்த குழந்தைகளை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்னது அதே உச்ச நீதிமன்றம்தான்.

எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு தனித் தலைவலி. குழந்தை பாலக்காட்டில் இருந்தால் எர்ணாகுளத்துக்கு ஓட வேண்டும், வாளையாரைத் தாண்டிப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டால் சென்னைக்கு. ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் ஐகோர்ட்டே மாறிவிடும், ஆகவே குழந்தை எங்கே இருக்கிறது என்று உறுதி செய்யாமல் மனு எழுத உட்காராதீர்கள்.

குடும்ப நீதிமன்றத்தை நான் கடைசியில்தான் வைப்பேன், அதாவது குழந்தையைத் திரும்பக் கேட்பவருக்கு. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனு, 'வழக்கமாக' என்பது லண்டனா கொழிஞ்சாம்பாறையா என்ற சண்டையிலேயே மாதங்கள் போகும், அதற்குள் குழந்தை இங்கே பள்ளியில் சேர்ந்து மலையாளம் பேச ஆரம்பித்திருக்கும். தூக்கிக்கொண்டு வந்தவருக்கோ அந்தத் தாமதமே சாதகம், அதனால்தான் அவர்கள் முதலில் இங்கே ஓடுகிறார்கள். ஆனால் சாட்சி வைத்து முழுக்கதையும் சொல்ல இடம் உள்ளது இங்கேதான், அடி உதை உண்மை என்றால் அது பெரிய விஷயம்.

இரண்டு பேரும் இன்னும் பேசும் நிலையில் இருந்தால் சமரசம் செய்து, ஒரே உத்தரவை இரு நாட்டு நீதிமன்றத்திலும் வாங்கிக்கொள்வது எல்லாவற்றையும்விட மேல். பேசுகிறவர்கள் குறைவு.

துபாய்க் குடும்பங்களுக்கு மேலே சொன்னதை அப்படியே பொருத்த வேண்டாம். இங்கிலாந்து, அமெரிக்க வழக்குகளில் குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருப்பது எடைக்கு வரும். நம் பிள்ளைகள் துபாயில் இருப்பது பெரும்பாலும் அப்பா விசாவில், வேலை போனால் விசாவும் போச்சு. குழந்தையை அங்கே திருப்பி அனுப்பு என்று கேட்கும்போது, எந்த விசாவில் என்ற கேள்விக்குப் பதிலை வக்கீல் கையில் கொடுத்துவிட்டே மனு போடுங்கள்.