வெனிஸில் அறை: தீவிலா, மெஸ்த்ரேயிலா? பாலத்தை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்

வாடகையில் மெஸ்த்ரேதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. நிலப்பக்கம் இருக்கும் அந்த ஊரிலிருந்து தீவின் சாந்தா லூச்சியா ஸ்டேஷனுக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். டிக்கெட் ஒன்றரை யூரோ சொச்சம். வியா பியாவே பக்கம் வங்கதேசத்தார் கடைகளில் அரிசி, பருப்பு கிடைக்கும். சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

இருந்தாலும் இரண்டு மூன்று இரவு என்றால் என் ஓட்டு தீவுக்கே. பகல் கூட்டம் வடிந்த பிறகுதான் சந்துகளில் நிம்மதியாக நடக்க முடியும். மெஸ்த்ரேயில் தங்கியவர் அந்த நேரத்தில் திரும்பும் ரயிலுக்கு மணி பார்த்துக்கொண்டிருப்பார்.

தீவில் அறை போடுகிறவர்கள் சறுக்குவது பெட்டியில்தான். காரோ சைக்கிளோ ஓடாத ஊர். 400க்கு மேல் பாலங்கள், ஏறக்குறைய எல்லாமே படிக்கட்டு. மேப்பில் 600 மீட்டர்தானே என்று தோன்றும். நடுவில் நாலு பாலம் இருந்தால் 23 கிலோ பெட்டியை நாலு தடவை தூக்கி ஏற்றி, நாலு தடவை இறக்க வேண்டும். சாந்தா லூச்சியா வாசல் படியை இறங்கி இடப்பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா என்ற தெரு. அங்கிருந்து சான் ஜெரேமியா திடல் தாண்டி குல்யே பாலம் வரை ஒரு பாலமும் குறுக்கிடாது. பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம். அறை அதற்குள் இருக்கட்டும். எதிரே தெரியும் ஸ்கால்சி பாலத்துக்கு அந்தப்புறம் பத்து யூரோ குறைவு என்றாலும் வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து நேர் பஸ் தீவின் பஸ் நிறுத்தத் திடலான பியாத்சாலே ரோமாவில் இறக்கிவிடும். அங்கிருந்து லிஸ்தாவுக்கு நடந்தால் 2008இல் திறந்த கலத்ராவா பாலம் குறுக்கே வரும். மழையில் வழுக்கும் கண்ணாடிப் படிகளால் பேர் கெட்ட பாலம். அதைத் தவிர்க்க ஒரு ஸ்டாப்புக்கு வபொரெத்தோ படகு ஏறினாலும் 9.50 யூரோ. பெரிய பெட்டி இருந்தால் மெஸ்த்ரே ஸ்டேஷன் பஸ்ஸில் போய், ரயில் மாறி வாருங்கள். பாலத் தொல்லையே இல்லை.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை: லிப்ட் உண்டா, பக்கத்துப் பாலம் எது. முகவரியில் 'கன்னரேஜோ' என்ற பேட்டைப் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தால் தெருவைக் கண்டுபிடிக்க முடியாது. தெருப் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரு வாரம் தங்கி பாதுவா, வெரோனா என்று சுற்றுவதாக இருந்தால், அல்லது கையில் கார் இருந்தால் மெஸ்த்ரே சரி. 25 யூரோவுக்கு விற்கும் 24 மணி நேர வபொரெத்தோ பாஸ் மெஸ்த்ரே பஸ்ஸிலும் ட்ராமிலும் செல்லும், ரயிலில் செல்லாது. அதனால் பாஸ் எடுத்த நாளில் டி1 ட்ராம் பிடியுங்கள். ரயிலுக்குக் காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்தியாக வேண்டும், இல்லையேல் அபராதம்.

தீவுக்குள் வர 2024இல் வந்த நுழைவுக் கட்டணம், தீவு, மெஸ்த்ரே இரண்டில் எங்கே தங்கினாலும் இல்லை, ஏனென்றால் மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான். ஆனால் கட்டணம் உள்ள நாட்களில் விலக்குக்கான க்யூஆர் கோடை ஆன்லைனில் எடுத்து வைத்திருக்க வேண்டும். மலிவு என்று பாதுவாவில் அறை போட்டுவிட்டு வரும் பயணிக்கு இந்த விலக்கு கிடையாது.