பெரம்பூரில் லைப்போசக்‌ஷன்: போகிறவர்கள் கவனத்துக்கு

தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்‌ஷனை இடுப்புக்கும் தொடைக்கும் பெரம்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில் செய்துகொண்டேன். யார் கேட்டாலும் இந்த டாக்டரைத்தான் சொல்வேன். இதனால் என்ன ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் நாளே வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். "விரலுக்குள்ள பிடிபடுற கொழுப்பைத்தாம்மா எடுக்க முடியும். உள்ளே குடலைச் சுத்தி இருக்கிறதைத் தொட முடியாது, அது நடந்து, சாப்பாட்டைக் குறைச்சுத்தான் போகணும்" என்றார். எனக்கு வயிற்றில் பெரும்பகுதி உள்கொழுப்பாம், அதனால் வயிறு வேண்டாம் என்று விட்டுவிட்டார். எடையும் பெரிதாகக் குறையாது, அளவுதான் மாறும் என்றார். அப்படியேதான் ஆனது.

அதற்கு முன் விசாரித்த வேறொரு இடத்தில் டாக்டரைக் கண்ணிலேயே காட்டவில்லை. கவுன்சிலர் பெண், "ஆஃபர் இந்த வாரத்தோட முடியுது மேடம், அட்வான்ஸ் கட்டிடுங்க" என்று விடாமல் பேசினார். அப்படிப்பட்ட இடத்தில் தயவுசெய்து உடம்பைக் கொடுக்காதீர்கள். செய்யப்போகிறவர் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மெடிக்கல் கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே பேர்பெற்ற பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது, வடசென்னையில் ஆள் இல்லாமல் இல்லை. மயக்க டாக்டர் கடைசிவரை கூட இருப்பாரா என்றும் கேளுங்கள். ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சி எடுத்தால் ஆபத்து கூடும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி, தையல் போட்ட இடங்களிலிருந்து ரோஸ் நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. கொழுப்பை எடுக்கும் முன் உள்ளே ஏற்றிய மருந்துத் தண்ணீர்தான் அது. கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்ததால் பயப்படவில்லை. நாத்தனார் மெத்தைமேல் ரப்பர் ஷீட் விரித்து, பழைய துண்டாக மாற்றி மாற்றிப் போட்டார். அப்புறம் வீக்கம் அடங்க உடம்பை இறுக்கிப் பிடிக்கிற அந்த இறுக்கு உடை. வாரக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். தண்டையார்பேட்டை வெயிலில் வேர்த்து அரித்துவிடும், அதனால் மார்கழி, தை பார்த்து நாள் குறியுங்கள். மாற்றிக் கட்ட இரண்டு செட் வாங்குங்கள். வீக்கம் முழுசாக வடிய மாதங்கள் ஆகும். ஆனால் மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

குறை ஒன்றுதான். முதலில் சொன்ன தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை, பில்லில்தான் வந்தது. அழகுக்காகச் செய்வதற்கு வரி உண்டு, இன்ஷூரன்ஸும் தராது. வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.