தோல் செருப்பா, இ.வி.ஏ. செருப்பா?

இரட்டைப் பட்டை, பக்கிள் வைத்த பிர்கன்ஸ்டாக் செருப்பின் மேல் என் அக்கா மகளுக்கு ஆசை. 1774 வரை வேர் நீளும் ஜெர்மன் பெயர் அது; விலை பல ஆயிரம். கைக்கு எட்டும் மாற்று இரண்டு: உள்ளூரில் தைக்கும் தோல் செருப்பு, கடையில் தொங்கும் இ.வி.ஏ. (நுரை போல லேசான ஒரு வகை பிளாஸ்டிக்) செருப்பு.

அழகில் தோல்தான். அளவெடுத்துத் தைப்பார்கள், நாள் போகப் போகக் காலோடு படிந்துவிடும். அடி தேய்ந்தால் டயர் ரப்பர் ஒட்டலாம், பட்டை விட்டால் தையல் போடலாம். ஆனால் நம் கரையில் உப்பு அதை விடாது. தனுஷ்கோடியில் அலையில் நனைந்த என் செருப்பு காய்ந்தபோது விளிம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. பட்டை விறைத்து, பக்கிள் முள்ளில் துரு. உடனே நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும். தைக்கச் சொல்லும்போதே நைலான் நூலும் பித்தளைப் பக்கிளும் கேளுங்கள்.

இ.வி.ஏ.வுக்கு உப்பு ஒன்றும் செய்யாது. எடை இல்லை, தண்ணீரில் மிதக்கும், குழாயில் காட்டினால் மணல் போய்விடும். வெயில்தான் பகை: பூட்டிய காருக்குள் விட்டால் சுருங்கிவிடும். பட்டை அறுந்தால் அவ்வளவுதான். வாங்கும்போது குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் உடனே எழாவிட்டால் வேண்டாம்.

மண்டபம், பாம்பன் பக்கம் தினமும் கடலில் கால் வைப்பவர்களுக்கு நான் இ.வி.ஏ.தான் சொல்வேன். அக்கா மகள் ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போகிறவள்; அவளுக்குத் தோலில் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.